கேள்விக்குப் பதில் எழுதிய கூட்டம்

2015 மார்ச் 27-ஆம் தேதி டிராய் எனப்படும் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் தன் இணையதளத்தில் ஒரு பி.டி.எஃப். கோப்பை ஏற்றியது. 118 பக்கம். அதற்குள் 20 கேள்விகள். பதில் அனுப்ப ஏப்ரல் 24 வரை அவகாசம். 'ஓவர் தி டாப் சேவைகளுக்கான (அதாவது, இணையம் வழியே இயங்கும் செயலிகளுக்கான) ஒழுங்குமுறைக் கட்டமைப்பு' என்ற தலைப்பைப் படிக்கும்போதே கொட்டாவி வந்துவிடும். இந்த மாதிரி ஆலோசனைத் தாள்கள் டிராயிலிருந்து வருடம் முழுக்க வரும். போன் கம்பெனிகளின் சட்டப் பிரிவு, அவர்களுடைய சங்கங்கள், விடாப்பிடியான சில நுகர்வோர் அமைப்புகள் பதில் எழுதும். மற்றவர்களுக்கு அது வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

இந்தத் தாளுக்குப் பத்து லட்சத்துக்கும் அதிகமான மின்னஞ்சல்கள் குவிந்தன.

இந்தியாவின் நெட் நியூட்ராலிட்டி, அதாவது இணையச் சமநிலைப் போராட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றைக்கும் அந்தப் பத்து லட்சத்தைத்தான் முதலில் சொல்வார்கள். ஜனத்திரளைப் பார்த்து அரசு பணிந்தது என்று கதையை முடித்துவிடுவார்கள். நடந்ததைத் தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தால் கணக்கு இடிக்கிறது. ஏனென்றால் பத்தே மாதத்தில் அதே டிராய், அதைவிட இரண்டு மடங்கு மின்னஞ்சல்கள் வந்து நின்றபோது, பெரும்பான்மை கேட்டதற்கு நேர் எதிராகத் தீர்ப்பு எழுதியது. அதுவும் இதே போராட்டத்தின் வெற்றிதான்.

எஸ்.எம்.எஸ். பறிபோன கோபம்

முதலில் போன் கம்பெனிகளின் பக்கத்தைப் பார்த்துவிடலாம். தீபாவளி, பொங்கல், புத்தாண்டு நாட்களில் எஸ்.எம்.எஸ். பேக் செல்லாது என்று அறிவிப்பு வருமே, ஞாபகம் இருக்கிறதா? மற்ற நாளில் இலவசமாகப் போகிற வாழ்த்துக்கு அன்றைக்கு மட்டும் முழுக் காசு. வருஷத்துக்குச் சில நாட்கள் நடந்த அந்த அறுவடையை வாட்ஸ்அப் வந்து முடித்துவைத்தது. அடுத்து ஸ்கைப், வைபர். 2015 தொடக்கத்தில் வாட்ஸ்அப்பிலேயே குரல் அழைப்பும் வந்துவிட்டது. மஸ்கட்டிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஊருக்கு வரும் அழைப்புகளில் கம்பெனிகள் பார்த்துவந்த வருமானம் ஆட்டம் கண்டது.

டவர் நாங்கள் போட்டோம், அலைக்கற்றையை ஏலத்தில் எடுத்தது நாங்கள், லைசென்ஸ் கட்டணம் கட்டுவதும் நாங்கள், எங்கள் கம்பி மேல் ஏறி வந்து எவனோ வியாபாரம் செய்கிறானே என்பதுதான் அவர்களின் புகார். 'ஒரே சேவைக்கு ஒரே விதி' என்று அதற்கு ஒரு கோஷமும் வைத்திருந்தார்கள். புகாரில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கம்பி வழியே போவதற்கு வாடிக்கையாளர் ஏற்கெனவே டேட்டா பேக் போட்டுக் காசு கொடுத்துவிட்டார் என்பதை அவர்கள் வசதியாக மறந்தார்கள்.

2014 டிசம்பர் கடைசியில் ஏர்டெல் வெளிப்படையாக ஒரு அடி எடுத்து வைத்தது. செயலி வழியாகக் குரல் அழைப்பு போட்டால் சாதாரண டேட்டா பேக் செல்லாது, தனிக்கட்டணம் என்றது. சமூக ஊடகத்தில் எழுந்த கொதிப்பில் சில நாட்களிலேயே அதை நிறுத்திவைத்து, டிராயின் ஆலோசனை முடியட்டும் என்று ஒதுங்கிக்கொண்டது. மார்ச்சில் வந்த 118 பக்கத் தாளுக்கு இதுதான் பின்கதை. தாளின் நடையைப் படித்தவர்களுக்கு, கேள்வியிலேயே பதில் ஒளிந்திருப்பதுபோல் பட்டது. செயலிகளுக்கு லைசென்ஸ் வேண்டுமா, அவற்றின் கட்டணம் எப்படி இருக்க வேண்டும், போன் கம்பெனிகளுக்கு அவை எப்படி ஈடு செய்ய வேண்டும் என்றெல்லாம் கேள்விகள் போயின.

அது நடந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்க வேண்டியதில்லை. துபாயில் வேலை பார்க்கிறவர்களைக் கேட்டால் போதும். ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் செய்தி போகும், படம் போகும். பல ஆண்டுகளாகக் குரல் அழைப்பு மட்டும் போகாது. ஸ்கைப்பும் முடக்கப்பட்டது. அனுமதி பெற்ற போடிம் போன்ற செயலியில் பேச, 2018-இல் அங்கே அறிமுகமான மொபைல் அழைப்புத் திட்டத்துக்கு மாதம் 50 திர்ஹாம் தனியாகக் கட்ட வேண்டியிருந்தது. டேட்டாவுக்கு ஒரு காசு, அதே டேட்டாவில் மனைவி மக்களோடு பேச இன்னொரு காசு. அறையில் நாலைந்து பேர் தங்கி மிச்சம் பிடித்து ஊருக்கு அனுப்புகிற ஆளுக்கு 50 திர்ஹாம் சின்னத் தொகை அல்ல.

இருபது பதில்கள்

நெட் நியூட்ராலிட்டி என்ற சொல்லை அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் டிம் வூ 2003-இல் எழுதிய கட்டுரை பரவலாக்கியது. இணைய இணைப்பைக் கொடுக்கிற கம்பெனி, அதன் வழியே போகிற எந்தத் தளத்தையும் எந்தச் செயலியையும் வேகத்திலோ விலையிலோ பாரபட்சமாக நடத்தக் கூடாது, விஷயம் அவ்வளவுதான். தமிழில் இணையச் சமநிலை என்றும் எழுதுகிறோம். இதைக் கல்லூரி மாணவருக்கு விளக்க ஐந்து நிமிடம் போதும். விளங்கியவரை டிராய்க்குக் கடிதம் எழுத வைப்பதுதான் சிரமம்.

அந்தச் சிரமத்தைத் தீர்த்தது ஒரு தன்னார்வக் கூட்டம். மீடியாநாமா தளத்தை நடத்திவந்த பத்திரிகையாளர் நிகில் பாவா, வழக்கறிஞர் அபர் குப்தா, பெங்களூரு மென்பொருள்காரர்கள் என்று பலர் சேர்ந்து, 20 கேள்விகளையும் எடுத்துவைத்து ஒவ்வொன்றுக்கும் வாதம், உதாரணம், வெளிநாட்டு நிலவரம் என்று பதில் எழுதினார்கள். அதை 'சேவ் தி இன்டர்நெட்' என்ற தளத்தில் ஏற்றினார்கள். பொத்தானை அழுத்தினால் பதில்கள் முழுவதும் உங்கள் சொந்த மின்னஞ்சல் பெட்டியில் வந்து உட்காரும். வேண்டிய இடத்தில் திருத்தலாம், வெட்டலாம், சேர்க்கலாம். பிறகு உங்கள் பெயரிலேயே டிராய்க்குப் போகும்.

ஏப்ரல் 11-ஆம் தேதி ஏ.ஐ.பி. நகைச்சுவைக் குழு இதைப் பற்றி ஒரு வீடியோ போட்டது. அதற்கு முந்தைய ஆண்டு ஜூனில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஜான் ஆலிவர் இதே விஷயத்தைக் கிண்டலடித்துப் பேசி, அந்நாட்டு ஆணையமான எஃப்.சி.சி.யின் கருத்துப் பக்கம் திணறும் அளவுக்கு ஆட்களைத் திருப்பிவிட்டிருந்தார். அந்தப் பாணி இங்கேயும் எடுபட்டது. அதே வாரத்தில் ஏர்டெல்லும் தன் பங்குக்கு எண்ணெய் ஊற்றியிருந்தது. ஏப்ரல் 6-ஆம் தேதி அறிவிக்கப்பட்ட 'ஏர்டெல் ஜீரோ' திட்டத்தில், செயலிக்காரர் கம்பெனிக்குக் காசு கொடுத்துவிட்டால் வாடிக்கையாளருக்கு அந்தச் செயலிக்கு டேட்டா செலவாகாது. இது 1800 டோல்ஃப்ரீ எண் மாதிரிதானே என்று ஏர்டெல் தரப்பு கேட்டது. பணமுள்ள கடை இலவசம், புதிதாகத் தொடங்குகிற கடைக்கு மீட்டர் ஓடும் என்றால், வாடிக்கையாளர் எங்கே போவார் என்று எதிர்த் தரப்பு கேட்டது.

இதில் ஃப்ளிப்கார்ட் சேரப்போகிறது என்றதும் ஆட்கள் அதன் செயலிக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டார்கள், போனிலிருந்தே நீக்கினார்கள். ஏப்ரல் 14 அன்று, நம் ஊரில் சித்திரை முதல் நாள், ஃப்ளிப்கார்ட் விலகிக்கொண்டது. மறுநாள் கிளியர்ட்ரிப் நிறுவனம், சில தளங்களை மட்டும் இலவசமாகத் திறந்துவிடும் ஃபேஸ்புக்கின் இன்டர்நெட்.ஆர்க் திட்டத்திலிருந்து வெளியேறியது, என்.டி.டி.வி.யும் விலகியது. போன் கம்பெனிகளின் சங்கமான சி.ஓ.ஏ.ஐ. 'சப்கா இன்டர்நெட், சப்கா விகாஸ்' என்று எதிர்ப் பிரசாரம் தொடங்கியது. எடுபடவில்லை. நாடாளுமன்றத்திலும் பேச்சு எழுந்தது.

ஏப்ரல் 27 அன்று டிராய் எல்லாக் கருத்துகளையும் தன் தளத்தில் வெளியிட்டது. வெளிப்படைத்தன்மை நல்லதுதான். ஆனால் எழுதியவர்களின் மின்னஞ்சல் முகவரிகளையும் சேர்த்து அப்படியே போட்டுவிட்டார்கள்! பத்து லட்சம் பேரின் முகவரியை விளம்பரக்காரர்களுக்கும் மோசடிக்காரர்களுக்கும் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்த மாதிரி ஆயிற்று. ஹேக்கர் குழு ஒன்று கோபத்தில் டிராய் தளத்தையே முடக்கியது. கருத்துக் கேட்கிற அலுவலகம், லட்சக்கணக்கில் ஆட்கள் பதில் எழுதக்கூடும் என்று கனவிலும் நினைத்துப் பார்த்ததில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

வந்தார் சக்கர்பெர்க்

இரண்டாம் சுற்றுதான் ருசியானது.

இன்டர்நெட்.ஆர்க் 2015 பிப்ரவரியில் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் வழியாக இந்தியாவுக்கு வந்தபோது, முதலில் திறந்த ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. குறிப்பிட்ட சில தளங்கள் மட்டும் டேட்டா செலவில்லாமல் திறக்கும். எதிர்ப்புக்குப் பிறகு செப்டம்பரில் அந்தச் செயலிக்கு 'ஃப்ரீ பேசிக்ஸ்' என்று பெயர் மாற்றினார்கள். ஃபேஸ்புக் அதில் உண்டு. வீடியோ கிடையாது, குரல் அழைப்பு கிடையாது. எந்தத் தளம் உள்ளே வரலாம் என்ற விதிமுறையை எழுதுவது ஃபேஸ்புக். எல்லாப் போக்குவரத்தும் அவர்களின் சர்வர் வழியாகத்தான் போக வேண்டும்.

டிசம்பர் 9-ஆம் தேதி டிராய் புதிய தாள் ஒன்றைக் கொண்டுவந்தது. ஆர்.எஸ். சர்மா தலைவராகி நாலு மாதம்தான் ஆகியிருந்தது. இந்த முறை நாலே கேள்விகள். உள்ளடக்கத்தைப் பொறுத்து டேட்டாவுக்கு வேறு வேறு விலை வைக்கலாமா. வைக்கலாமென்றால் பாரபட்சம் வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது. இலவசமாக இணையம் கொடுக்க வேறு வழி உண்டா. வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா. சாதாரண மனிதருக்கும் புரிகிற கேள்விகள்.

ஃபேஸ்புக் முழுப்பக்க விளம்பரங்களைக் கொட்டியது. பேருந்து நிறுத்தங்களிலும் சாலையோரப் பலகைகளிலும் சிரித்த முகங்கள். டிசம்பர் 28 அன்று மார்க் சக்கர்பெர்க் டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் தானே கட்டுரை எழுதினார். நூலகத்தில் எல்லாப் புத்தகமுமா இருக்கிறது, அதற்காக நூலகம் வேண்டாம் என்போமா என்பது அவர் வாதம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஊர் நூலகத்தின் நூல்பட்டியலை ஒரே ஒரு பதிப்பாளர் முடிவு செய்வதில்லை. ஐ.ஐ.டி., ஐ.ஐ.எஸ்சி. பேராசிரியர்கள் கூட்டாக அறிக்கை விட்டு இந்தத் திட்டத்தை எதிர்த்தார்கள்.

அந்த வாரங்களில் இந்தியாவில் ஃபேஸ்புக்கைத் திறந்தவர்களுக்கு ஓர் அறிவிப்பு எட்டிப்பார்த்தது. டிராய்க்கு ஆதரவுச் செய்தி அனுப்ப ஒரே ஒரு தட்டு போதும். பலர் என்ன ஏதென்று பார்க்காமலே தட்டினார்கள். கருத்துக் கூற ஜனவரி 7 வரை நீட்டித்த அவகாசம் முடிந்தபோது டிராயின் கையில் 24 லட்சம் அளவுக்குப் பதில்கள் இருந்தன. அவற்றில் முக்கால் பங்குக்கு மேல் ஃபேஸ்புக் வழியாக வந்த ஆதரவுக் கடிதங்கள்.

தலைகளை எண்ணுவதாக இருந்தால் அங்கேயே முடிந்தது கதை. ஃபேஸ்புக் ஜெயித்திருக்க வேண்டும்.

டிராய் கடிதத்தைப் பிரித்துப் பார்த்தது. ஃப்ரீ பேசிக்ஸை ஆதரிக்கிறேன், டிஜிட்டல் சமத்துவம் வேண்டும் என்றிருந்ததே தவிர, கேட்ட நாலு கேள்விக்கும் அதில் பதில் இல்லை. எங்கள் கேள்விகளுக்குப் பதில் எழுதச் சொல்லி உங்கள் பயனாளர்களுக்குத் தெரிவியுங்கள் என்று டிராய் கேட்டது. அந்தச் செய்தி பயனாளர்களுக்குப் போய்ச் சேரவில்லை என்பது டிராயின் குற்றச்சாட்டு. தன் பயனாளர்களின் மின்னஞ்சல்களை டிராய் பக்கத்தில் யாரோ தடுத்துவிட்டார்கள் என்று ஃபேஸ்புக் முறையிட்டது. 2016 ஜனவரியில் இரு தரப்புக்கும் இடையே போன கடிதங்கள் காரசாரமானவை. பொறுப்பான ஒரு பொது ஆலோசனையை, ஆள் திரட்டி நடத்தும் வாக்கெடுப்பாக மாற்றப் பார்க்கிறீர்கள் என்று ஓர் ஒழுங்குமுறை ஆணையம் உலகின் மிகப் பெரிய கம்பெனிகளில் ஒன்றைப் பார்த்துச் சொன்னது. தில்லி அலுவலகங்களில் அடிக்கடி நடக்கிற காரியமல்ல.

நம் கலெக்டர் அலுவலகங்களில் திங்கட்கிழமை மனு கொடுக்கிற கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசம் சட்டென்று பிடிபடும். லாரி வைத்து ஆளைக் கூட்டி வந்து கோஷம் போட்டால் பத்திரிகையில் படம் வரும். சர்வே எண், பட்டா நகல், முந்தைய மனுவின் தேதி எல்லாம் போட்டு ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்த மனுவை மட்டும் தாசில்தாருக்குத் திருப்பி அனுப்பாமல் இருக்க முடியாது. 2015-இல் திரண்ட கூட்டத்தின் கையில் இந்த இரண்டாவது வகை மனு இருந்தது. கடைசி வரை பலித்தது அதுதான்.

2016 பிப்ரவரி 8

அன்று வெளியான ஆணை சில பக்கங்கள்தான். உள்ளடக்கத்தின் அடிப்படையில் டேட்டாவுக்குப் பாரபட்சமான கட்டணம் கூடாது. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம் அபராதம். பேரிடர் போன்ற அவசர காலச் சேவைகளுக்கு விலக்கு. இரண்டு ஆண்டில் மறுபரிசீலனை. அபராதத் தொகையைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. கம்பெனிகளின் விளம்பரச் செலவில் அது தூசு. ஆனால் ஆணையோடு இணைந்த விளக்கக் குறிப்பைப் படித்தால் வேலை ஒழுங்காக நடந்திருப்பது தெரியும். அலைக்கற்றை பொதுச்சொத்து என்று 1995-இல் கிரிக்கெட் ஒளிபரப்பு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை அதில் எடுத்துக்காட்டியிருந்தார்கள். இணையத்தையே பார்த்திராத ஒருவருக்கு, தனக்குக் கொடுக்கப்படுவது முழு இணையமா அதில் ஒரு துண்டா என்று எப்படித் தெரியும் என்ற வாதமும் இருந்தது. இப்படிப்பட்ட வாதங்கள் பொதுமக்களின் பதில்களில் ஏராளம்.

மூன்றே நாளில் ஃபேஸ்புக் இந்தியாவில் ஃப்ரீ பேசிக்ஸை மூடியது. ஃபேஸ்புக்கின் இயக்குநர் குழுவில் இருந்த மார்க் ஆண்ட்ரீசன், காலனிய எதிர்ப்பு மனப்பான்மையால் இந்தியர்கள் பல பத்தாண்டுகளாகப் பொருளாதார நாசத்தைத்தான் கண்டார்கள் என்ற பொருளில் ட்விட்டரில் எழுதி, அழித்து, மன்னிப்பும் கேட்டார். சக்கர்பெர்க்கே அதைக் கண்டித்தார். போராட்டக்காரர்கள் காசு கொடுத்து வாங்க நினைத்தாலும் இப்படி ஒரு விளம்பரம் கிடைத்திருக்காது.

ஃபேஸ்புக் வைத்த கேள்வியில் ஒன்றை மட்டும் நான் தள்ளிவிடத் தயாரில்லை. எதுவுமே இல்லாதவனுக்குக் கொஞ்சமாவது கிடைப்பதைத் தடுக்க நீங்கள் யார்? டிராய்க்கு எழுதியவர்களில் பெரும்பாலோர் கையில் ஏற்கெனவே இணையம் இருந்தது, ஆங்கிலமும் இருந்தது. திருவாடானையிலோ அரூரிலோ இரண்டாயிரம் ரூபாய் போனில் மிஸ்டு கால் கொடுத்துக்கொண்டிருந்தவரை யாரும் கேட்கவில்லை. அவர் கேட்டிருந்தால் தாள் தமிழில் கிடைத்திருக்காது. அந்தக் கேள்விக்கு நேரான பதில் யாரும் சொல்லும் முன்பே 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலையைத் தரைமட்டமாக்கிவிட்டது. அரூர்க்காரருக்கு யூடியூபும் சேர்ந்தே கிடைத்தது. டிராயின் ஆணையால்தான் விலை இறங்கியது என்று சொல்ல முடியாது. ஆனால் துண்டு இணையம் ஒன்றே ஏழைக்கு வழி என்ற வாதம் அதோடு செத்தது.

2017 நவம்பரில் டிராய் வேகத்திலும் பாரபட்சம் கூடாது என்று பரிந்துரைக்க, 2018-இல் அது கம்பெனிகளின் லைசென்ஸ் நிபந்தனைகளிலேயே ஏறியது. இப்போது ரீசார்ஜோடு ஹாட்ஸ்டார் சந்தா இலவசமாக வருகிறதே, அது எப்படி என்று கேட்கலாம். அங்கே சந்தாதான் இலவசம்; பார்க்கும்போது செலவாகிற டேட்டா எல்லாத் தளத்துக்கும் ஒரே கணக்கு. அந்தக் கோட்டைப் போட்டது 2016-இன் ஆணை.

அமெரிக்காவில் நடந்த கூத்து

அதே காலத்தில் எண்ணிக்கையை நம்பிய போராட்டம் எங்கே போய் நின்றது என்பதற்கு அமெரிக்கா உதாரணம். எஃப்.சி.சி. 2015 பிப்ரவரியில் மூன்றுக்கு இரண்டு என்ற வாக்கில் இணையச் சமநிலை விதிகளைக் கொண்டுவந்தது. டிரம்ப் ஆட்சியில் அஜித் பாய் தலைவராகி 2017-இல் அவற்றை நீக்க முனைந்தபோது இரண்டு கோடியே இருபது லட்சம் கருத்துகள் வந்தன. நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் 2021-இல் வெளியிட்ட விசாரணை அறிக்கையின்படி, அவற்றில் ஒரு கோடியே எண்பது லட்சம் அளவுக்குப் போலி. பிராட்பேண்ட் கம்பெனிகளின் பணத்தில் நடந்த பிரசாரம் 85 லட்சம் போலிக் கருத்துகளை உற்பத்தி செய்தது. உயிரோடு இல்லாதவர்கள் பெயரிலும் கருத்துகள் போயிருந்தன. சமநிலையை ஆதரித்தும் 19 வயதுக் கல்லூரி மாணவர் ஒருவர் தனியாளாக 77 லட்சம் போலிக் கருத்துகளை அனுப்பியிருந்தார். 2017 டிசம்பர் 14 அன்று விதிகள் நீக்கப்பட்டன. 2024 ஏப்ரலில் திரும்ப வந்தன. 2025 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுபடி ரத்து செய்தது. ஆட்சி மாறினால் விதி மாறும் என்ற நிலைக்குப் போய்விட்டது.

இங்கே இன்னும் அந்த நிலை இல்லை. ஆனால் கம்பெனிகள் வேறு வாசல் வழியாக வருகின்றன. டிராய் 2023 ஜூலையில் செயலிகளுக்கான ஒழுங்குமுறை பற்றி மறுபடி ஒரு ஆலோசனைத் தாள் வெளியிட்டது. வாட்ஸ்அப் போன்றவற்றுக்கு விதி வேண்டுமா என்பதோடு, கலவரக் காலங்களில் முழு இணையத்தையும் முடக்காமல் குறிப்பிட்ட செயலிகளை மட்டும் தடுக்கலாமா என்பதும் அதில் கேள்வி. சி.ஓ.ஏ.ஐ. இந்த முறை வாடிக்கையாளரிடம் கேட்கவில்லை. நெட்ஃப்ளிக்ஸ், கூகுள், மெட்டா போல அதிகப் போக்குவரத்தை உண்டாக்குகிறவர்கள் நெட்வொர்க் செலவில் 'நியாயமான பங்கு' தரட்டும் என்கிறது.

அமெரிக்கக் கம்பெனி கொடுத்தால் நமக்கென்ன என்று தோன்றும். தென்கொரியாவைப் பாருங்கள். அங்கே நெட்வொர்க் கட்டணம் பற்றி எஸ்.கே. பிராட்பேண்டும் நெட்ஃப்ளிக்ஸும் ஆண்டுக்கணக்கில் வழக்காடி, 2023 செப்டம்பரில் சமரசம் செய்துகொண்டன. நெட்ஃப்ளிக்ஸுக்கு வழக்காடக் காசு இருந்தது. விளையாட்டு நேரலைத் தளமான ட்விட்ச், மற்ற பெரும்பாலான நாடுகளைவிடப் பத்து மடங்கு கட்டணம் என்று சொல்லி 2024 பிப்ரவரியில் கொரியாவைவிட்டே கிளம்பிவிட்டது. அந்தத் தளத்தை நம்பிப் பிழைத்த கொரிய இளைஞர்கள் வேறு இடம் தேடினார்கள்.

நம் ஊரில் 2018-இன் லைசென்ஸ் நிபந்தனையிலும் 'சிறப்புச் சேவைகள்' என்று ஒரு விலக்கு இருக்கிறது. எது சிறப்புச் சேவை என்று தீர்மானிப்பது தொலைத்தொடர்புத் துறை. இந்த விலக்கு ஏன் முக்கியம் என்றால், 5ஜி நெட்வொர்க்கை மென்பொருளாலேயே தனித்தனிக் கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வேகம், ஒரு தரம் என்று விற்க முடியும். 2015-இல் அந்த வசதி கம்பெனிகளின் கையில் இல்லை, இப்போது இருக்கிறது. கம்பெனிகளின் போக்குவரத்துக் கையாளுதலைக் கண்காணிக்கப் பல தரப்பாரும் அடங்கிய அமைப்பு ஒன்று வேண்டும் என்று டிராய் 2020 செப்டம்பரிலேயே பரிந்துரை கொடுத்தது. 2023-இன் தொலைத்தொடர்புச் சட்டம் அதன் முதல் வரைவில் செயலிகளை வெளிப்படையாகச் சேர்த்திருந்தது, நிறைவேறியபோது அந்தச் சொல்லை எடுத்துவிட்டது. ஆனால் தொலைத்தொடர்பு என்பதற்கு அது கொடுக்கிற வரையறை, வேண்டும்போது வாட்ஸ்அப்பையும் உள்ளே இழுத்துக்கொள்ளும் அளவுக்கு அகலமாகவே இருக்கிறது.